கவலைப்படுவது அவிசுவாசமா? கடனும் குடும்பப் பாரமும் நெருக்கும்போது கர்த்தரை நம்பியிருப்பது எப்படி?

கேள்வி:

அன்பான சகோதர சகோதரிகளுக்கு வணக்கம். என் கணவர் நடத்திவந்த தொழில் நொடித்துப்போனதிலிருந்து எங்கள் வீட்டுக்கு என் சம்பளம் ஒன்றுதான் வருமானம். வங்கிக் கடன், கடன் அட்டை நிலுவை, உறவினர்களிடம் கைமாற்றாக வாங்கிய தொகைகள் ஆகியவற்றோடு, மகளின் படிப்புக் கட்டணமும் வரிசையில் நிற்கிறது. இரவில் குடும்ப ஜெபத்தை முடித்துப் படுத்ததும், எந்தத் தவணை எந்தத் தேதிக்கு என்று மனம் தானாகவே கணக்குப் போடத் தொடங்கிவிடுகிறது. என் கணவரோ, வங்கியிலிருந்து வரும் கடிதங்களைப் பிரிக்காமலேயே அலமாரியில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்துவிட்டு, "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லிவிடுகிறார். ஜெபக்கூட்டத்தில் இதை மனம்விட்டுச் சொன்னபோது, கவலைப்படுவதே அவிசுவாசம் என்று மூத்தவர் ஒருவர் கூறிவிட்டார். அன்றிலிருந்து கடன் கவலையோடு, கவலைப்படுகிறேனே என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டது. மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில் நாளைக்காகக் கவலைப்படாதிருங்கள் என்று இயேசு சொன்னதை நான் முழுமனதோடு நம்புகிறேன். அப்படியானால் நான் கணக்குப் பார்ப்பதே தவறா?

முதல் மறுமொழி:

சகோதரி, அந்தக் குற்ற உணர்வை முதலில் இறக்கி வையுங்கள். ஒன்றுக்கும் கவலைப்படாமல் எல்லாவற்றையும் ஜெபத்தில் தேவனுக்குத் தெரியப்படுத்துங்கள் என்று பிலிப்பியருக்கு எழுதிய அதே பவுல், எல்லாச் சபைகளைக் குறித்த கவலையும் தம்மை நாள்தோறும் நெருக்குவதாகக் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் (11:28) ஒளிக்காமல் சொல்கிறார். பிலிப்பியருக்கு எழுதியபோதும் அவர் கட்டப்பட்ட கைதியாகத்தான் இருந்தார். பாரம் நெருக்குவது ஒன்று, அந்தப் பாரத்துக்கே நம்மை ஒப்புக்கொடுத்துவிடுவது வேறொன்று. உங்களுக்கு அறிவுரை சொன்னவர் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார் என்றே நினைக்கிறேன்.

கடன் என்றதும் எனக்கு 2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்து விதவைதான் நினைவுக்கு வருகிறாள். அவள் கணவன் கர்த்தருக்குப் பயந்து நடந்தவன்; ஆனாலும் கடனோடுதான் இறந்தான், கடன்கொடுத்தவன் அவளுடைய இரண்டு மகன்களையும் அடிமைகளாக்க வந்துவிட்டான். அவள் எலிசா தீர்க்கதரிசியிடம் போய் முறையிட்டபோது, இத்தனை கவலை ஏன் என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஒரு குடம் எண்ணெய் என்று அவளும் உள்ளதைச் சொன்னாள். அந்தக் கொஞ்ச எண்ணெய், அயலாரிடம் கேட்டு வாங்கிய வெறும் பாத்திரங்களையெல்லாம் நிரப்பிய அற்புதம் நடந்த பிறகும், எண்ணெயை விற்றுக் கடனைத் தீர், மீந்ததைக் கொண்டு பிழைத்துக்கொள் என்று காரியத்தைக் கணக்கில்தான் முடிக்கிறார். பாத்திரங்கள் நிரம்பியதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம், விற்றுக் கடனை அடைத்ததைப் பற்றிக் கேட்டது குறைவு. ஆகவே, நீங்கள் கணக்குப் பார்ப்பது தவறல்ல. பிரிக்கப்படாத கடிதங்களை விசுவாசம் என்று அழைப்பதுதான் எனக்கு நெருடுகிறது.

இரண்டாம் மறுமொழி:

முந்தைய சகோதரர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் கணவரைக் குறித்து அவ்வளவு கண்டிப்பு வேண்டாம் என்பது என் கருத்து. தொழில் முறிந்தவருக்கு அந்தக் கடிதம் ஒவ்வொன்றும் தம் தோல்வியை மீண்டும் வாசிக்கச் சொல்வதுபோல் இருக்கும். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்ற சொல்லுக்குப் பின்னால் நம்பிக்கையும் இருக்கலாம், வெட்கமும் இருக்கலாம். அவரைத் திருத்துவதற்காக அல்லாமல், சேர்ந்து ஜெபிப்பதற்காகக் கடிதங்களைப் பிரிக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். "எங்கள் தேவைகளைச் சந்தியும்" என்று பொதுவாக ஜெபிப்பதைவிட, இந்தத் தவணை, இந்தத் தேதி, இந்தத் தொகை என்று பெயர் சொல்லி ஜெபிக்கும்போது, ஒளித்துவைத்தவை தாமாகவே மேசைக்கு வந்துவிடும்.

இரவுக் கணக்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1983-இல் தாமஸ் போர்கோவெக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய சகாக்களும், கவலைப்படுவதற்கென்று தினமும் அரை மணி நேரத்தை ஒதுக்கி, மற்ற நேரத்தில் எழும் கவலைகளை அந்த வேளைக்குத் தள்ளிவைக்கும் பயிற்சியை ஆராய்ந்து வெளியிட்டார்கள். அதை நீங்கள் மாலை நேரத்தில் வைத்துக்கொள்ளலாம்: கணக்கு நோட்டுடன் உட்கார்ந்து, மறுநாள் செய்யவேண்டிய ஒரு வேலையை எழுதி, அதை ஜெபத்தில் வைத்து நோட்டை மூடிவிடுங்கள். படுத்தபின் மனம் மறுபடி ஆரம்பித்தால், அதற்குரிய வேளை நாளை மாலை என்று சொல்லிவிடலாம். தூக்கமின்மை தொடர்ந்து நீடித்தால் மருத்துவரைப் பார்ப்பதில் எந்தத் தயக்கமும் வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மிக்க நன்றி. அந்த விதவையின் கடனைப் பற்றி நான் இதுவரை இப்படி யோசித்ததில்லை. இன்று மாலை என் கணவரிடம் பேசலாம் என்றிருக்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம்: கையில் மிஞ்சுவது சிறு தொகைதான் என்னும்போது, அதை முதலில் யாருக்குக் கொடுப்பது? உறவினர்கள் வட்டி கேட்கவில்லை. ஆனால் அவர்கள் முகத்தில் விழிக்கத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றாம் மறுமொழி:

நான் கணக்கு வேலையில் இருப்பவன் என்பதால் இதற்குமட்டும் பதில் எழுதுகிறேன். எல்லாக் கடன்களுக்கும் குறைந்தபட்சத் தவணையைக் கட்டிய பிறகு, மிஞ்சுவதை வட்டி அதிகமுள்ள கடனுக்குக் கொடுப்பதே சரியான கணக்கு. உங்கள் பட்டியலில் அது பெரும்பாலும் கடன் அட்டையாகத்தான் இருக்கும். மாதம் 3 சதவீத வட்டி ஓடும் நிலுவையைக் கட்டாமல் விட்டால், அது சுமார் 24 மாதங்களில் இரண்டு மடங்காகிவிடும். வங்கிக் கடனுக்குத் தவணை தவறும் என்று முன்கூட்டியே தெரிந்தால், தவறிய பிறகு அவர்கள் தேடி வரும்வரை காத்திராமல், நீங்களே நேரில் போய்த் தவணைக் காலத்தை நீட்டித் தொகையைக் குறைக்க முடியுமா என்று எழுத்து மூலம் கேளுங்கள். அப்படி நீட்டினால் மொத்த வட்டி கூடும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் வட்டி கேட்காததாலேயே அவர்களைக் கடைசியில் தள்ளிவிடலாம் என்று என் கணக்கு சொல்லும். ஆனால், கையில் பொருள் இருக்கும்போது அயலானிடம் நாளைக்கு வா என்று சொல்லாதே என்கிறது நீதிமொழிகள் 3:28. அவர்களில் யாருக்காவது இப்போது அவசரத் தேவை இருக்கிறதா என்று நீங்களாகவே விசாரியுங்கள். இருந்தால் அவருக்குச் சிறு தொகையாவது கொடுங்கள். மற்றவர்களிடம் எந்த மாதத்திலிருந்து எவ்வளவு தர முடியும் என்பதைச் சொல்லிவிடுங்கள். உங்களால் நிச்சயம் காப்பாற்றக்கூடிய தேதியை மட்டும் சொல்வது முக்கியம். கணவரும் உடன் வந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் வாங்கியவர் வாயிலிருந்து வரும்போதுதான் அந்த வார்த்தையை அவர்கள் நம்புவார்கள்.