எலிக்கு மயக்க ஊசி: வயிற்றிலா, தோலடியிலா?

வணக்கம் அண்ணா, அக்கா. வேலூரில் மருந்தியல் முதுகலை படிக்கிறேன். விஸ்டார் எலிகளுக்கு (ஆய்வக எலி வகை) உடல் எடையில் கிலோவுக்குக் கெட்டமைன் என்ற மயக்க மருந்து 80 மில்லிகிராம், சைலசின் என்ற தூக்க மருந்து 10 மில்லிகிராம் கலந்து வயிற்றறைக்குள் போடுகிறோம். ஒரு எலி 5 நிமிடத்தில் சாய்கிறது. இன்னொன்று 20 நிமிடமாகியும் மீசையை ஆட்டிக்கொண்டு என்னையே பார்க்கிறது. வயிற்றில் போட்டால் மருந்து கல்லீரல் வழியாகப் போய், கெட்டமைனில் ஒரு பகுதி அங்கேயே நார்கெட்டமைன் என்ற வீரியம் குறைந்த பொருளாக மாறிவிடும், சரி. ஆனால் இவ்வளவு வித்தியாசமா? ஊசி குடலுக்குள் இறங்கிவிடுகிறதோ என்று சந்தேகம். வலப்பக்கம் கீழேதான் குத்துகிறேன். தொடைத் தசையில் இவ்வளவு மருந்து கொள்ளாது, புண்ணாகும். யாராவது தோலடியில் போட்டிருக்கிறீர்களா? மயக்கம் எவ்வளவு நேரம் நின்றது? (இந்த வேலூர் வெயிலிலும் மயங்கிய எலி சில்லிட்டுப் போகிறது, சூட்டு மெத்தை வைத்திருக்கிறேன்.) விலங்கு ஆய்வு நெறிமுறைக் குழுவுக்குத் திருத்தம் எழுத வேண்டும், வியாழனுக்குள் சொன்னால் நல்லது.