மறு: கலைச்சொல் வேணும் – கொலைகாரன முதல்லயே காட்டிடற கதைக்கு

எல்லாருக்கும் வணக்கம்,

> 'தலைகீழ்த் துப்பறியும் கதை'ன்னே வெச்சுக்கலாமே, அர்த்தம் நேரா வந்துடுதே

மதுரை ஐயாவோட இந்த வரிக்கு முதல்ல பதில் எழுதிடறேன், ஏன்னா மத்த எல்லாமே இதுலதான் நிக்குது. அர்த்தம் நேரா வரலைங்கறதுதான் என் எண்ணம் ஐயா. எதுக்குத் தலைகீழ்? ஒருத்தன் கொலை பண்றான், மறைக்கறான், போலீஸ் வருது, நோண்டுது, கடைசில மாட்டறான். இது நேராப் போற கதைதானே? பொணத்துல ஆரம்பிச்சு பின்னாடி பின்னாடி போய் என்ன நடந்துதுன்னு தோண்டி எடுக்கற வழக்கமான மர்ம நாவல்தான் உண்மைல தலைகீழ். இங்கிலீஷ்ல அந்தப் பேர் எப்படி வந்துதுன்னா, இங்கிலீஷ் எழுத்தாளர் ஆர். ஆஸ்டின் ஃப்ரீமன் 1912ல போட்ட சிறுகதைத் தொகுப்புல முதல் பாதில குற்றம் நடக்கறத அப்படியே காட்டிட்டு ரெண்டாம் பாதில அவரோட துப்பறியும் பாத்திரமான டாக்டர் தார்ன்டைக் எப்படிக் கண்டுபிடிக்கறார்னு எழுதினார், அன்னிக்குப் பழகிப்போயிருந்த அமைப்பத் திருப்பிப் போட்டதால அவங்களுக்கு அது தலைகீழ். அவங்க பழக்கத்த வெச்சு அவங்க வெச்ச பேர நாம ஏன் சுமக்கணும்?

நடுவுல வந்து சேந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. ஆழ்வார்பேட்டைல நாங்க கொஞ்ச பேர் சேந்து நடத்தற வாசகர் கூட்டத்துல அடுத்த மாசம் கொலம்போங்கற போலீஸ்காரர் துப்பறியற அமெரிக்க டிவி சீரியல் பத்திப் பேசறோம், அதுக்கு நோட்டீஸ் அடிக்கணும், 'இந்த வகைக் கதைக்குத் தமிழ்ல என்னங்க பேரு'ன்னு கேட்டப்போ யார்கிட்டயும் பதில் இல்ல. அப்படித்தான் இந்தக் கேள்வி இங்க வந்துது. நோட்டீஸ் ஒரு சாக்குதான், இந்தச் சொல் நமக்கு நெஜமாவே வேணும்.

சொல் செய்யறதுக்கு முன்னாடி பொருள் என்னன்னு பாக்கணும் இல்லையா, அதனால கொலம்போவப் பத்திக் கொஞ்சம் விலாவாரியா எழுதறேன், ஏன்னா இந்த வகைய உலகம் பூரா கொண்டு போனது அந்த சீரியல்தான். ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க்னு ரெண்டு பேர், ஸ்கூல் நாள்லேர்ந்து கூட்டாளிங்க, அவங்க உருவாக்கின பாத்திரம். 1960லயே ஒரு டிவி நாடகத்துல வந்துட்டார், அப்புறம் மேடைக்குப் போனார், பீட்டர் ஃபாக் நடிச்சு 1968ல ஒரு டிவி படமா வந்துது, 1971ல தொடராச்சு. என்.பி.சி. சேனல்ல 1978 வரைக்கும், பதினோரு வருஷம் கழிச்சு ஏ.பி.சி.ல 1989லேர்ந்து 2003 வரைக்கும், மொத்தம் 69 கதை. தொடரா ஆரம்பிச்சப்ப வந்த முதல் எபிசோட டைரக்ட் பண்ணது ஸ்டீவன் ஸ்பீல்பெர்க், அப்ப அவருக்கு வயசு 24. கொலம்போன்னாலே கசங்கின ரெயின்கோட்டு (அது ஃபாக்கோட சொந்தக் கோட்டு), ஓட்டை பெஜோ 403 காரு, வாயில சுருட்டு, எப்பப் பாத்தாலும் பேசற ஆனா ஒரு தடவகூடக் கண்ணுல காட்டாத பொண்டாட்டி. 2011ல ஃபாக் போயிட்டார், மூணு வருஷம் கழிச்சு புடாபெஸ்ட்ல நடுத்தெருவுல நாயோட சேத்து அவருக்குச் சிலை வெச்சிருக்காங்க. அமெரிக்க போலீஸ் பாத்திரத்துக்கு ஹங்கேரில சிலை!

(சப்டைட்டில் போடற கோடம்பாக்கம் தம்பி கேட்டிருந்தீங்க, கொலம்போவோட ரேங்க்கான லெப்டினன்ட்டத் தமிழ்ல என்ன போடறதுன்னு. லெப்டினன்ட்னா நம்ம ஆளுங்க மிலிட்டரின்னு நெனச்சுப்பாங்க. நான் 'இன்ஸ்பெக்டர்'னே போடுவேன். ரேங்க் சரியா பொருந்தாது, ஆனா பாக்கறவங்க மனசுல சரியான ஆள் வந்து உக்காருவார்.)

இது ஏன் இன்னும் ஓடுது? என் வீட்ல பர்மா பஜார் டிவிடில நான் பாத்தத இப்ப காலேஜ் படிக்கற என் பொண்ணு லேப்டாப்ல பாக்கறா, அவளுக்கு 1970ல நடந்த எதுவும் தெரியாது, டெலிபோன் டயல் சுத்தறதே புதுசு. இருந்தாலும் எழுந்து போக மாட்டேங்கறா. கொலைகாரன் யாருன்னு தெரிஞ்சுட்டா மர்ம நாவல் செத்துடும், அதனாலதான் லெண்டிங் லைப்ரரி புக்குல எவனாவது முதல் பக்கத்துலயே பேர எழுதி வெச்சிருந்தா நமக்கு அவ்ளோ ஆத்திரம் வரும். இதுல யாரும் எதையும் சொல்லிக் கெடுக்க முடியாது. கதையே முதல் கால் மணி நேரத்துல எல்லாத்தையும் சொல்லிடுது. அதனால திரும்பத் திரும்பப் பாக்கலாம், பத்தாவது தடவையும் அந்தக் கொலைகாரன் மொகத்துல வேர்வை வர்ற நிமிஷத்துக்காகக் காத்துட்டிருக்கலாம்.

இன்னொரு லாபம் நடிகருக்கு. சாதாரண மர்மக் கதைல பெரிய நடிகர் வந்தாலே அவர்தான் கொலைகாரன்னு தெரிஞ்சுடும். இங்க அந்தப் பிரச்சினையே கெடையாது, தெரிஞ்சுதான் உக்காந்திருக்கோம், அதனால ஜாக் காசிடி, ராபர்ட் கல்ப், பேட்ரிக் மெக்கூஹன்னு ஒவ்வொருத்தரும் பல தடவ வந்து வேற வேற கொலைகாரனா பின்னியிருக்காங்க. பாட்டுக்காரர் ஜானி கேஷ் கூட வந்திருக்கார். ஒவ்வொருத்தரும் பணம், படிப்பு, பேரு உள்ளவங்க, எதிர்ல கசங்கின கோட்டோட ஒருத்தர் 'மன்னிக்கணும் சார், தொந்தரவு பண்றேன்'னு நிக்கறார், அவங்களுக்கு இவர் ஒரு ஆளே இல்ல. அந்த அலட்சியத்துலதான் அவங்க மாட்டறாங்க. நம்ம ஊர்ல கவுன்ட்டர் முன்னாடி கூனிக் குறுகி நின்னவங்க எல்லாருக்கும் இது எங்க போய்த் தைக்கும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

ஒரே ஒரு எபிசோட மட்டும் கிட்டப் போய்ப் பாப்போம், ஏன்னா சொல்லுக்கான சாவி அதுலதான் இருக்கு. 1973ல வந்தது. லியோனார்ட் நிமாய் இதய சர்ஜன். தன் சீனியர் டாக்டருக்கு வால்வு ஆபரேஷன் பண்றப்போ நெலச்சு நிக்கற நூலுக்குப் பதிலா கொஞ்ச நாள்ல கரையற நூல வெச்சுத் தெச்சுடறார், தையல் கரைஞ்சா பெரியவர் போயிடுவார், ஹார்ட் அட்டாக்னு சொல்லிக்கலாம். சந்தேகப்பட்ட நர்ஸையும் கொன்னுடறார். கொலம்போவுக்குப் புரிஞ்சுடுது, ஆனா அந்த நூல் இருக்கறது ஒரு உசுரோட இருக்கற ஆளோட நெஞ்சுக்குள்ள. அவர் சொல்லச் சொல்ல டாக்டர் சிரிக்கறார், அப்ப கொலம்போ மேஜை மேல தண்ணி ஜக்க ஓங்கி அடிக்கறார் பாருங்க! எப்பவும் குழையற மனுஷன் அவர், அவர் கோவப்பட்டு நாம பாக்கறதே அபூர்வம். பெரியவர் செத்தா போஸ்ட்மார்ட்டம் நடக்கும், நான் அந்த நூலத் தேடுவேன்னு சொல்லிட்டுப் போயிடறார். இப்ப டாக்டருக்கு வேற வழியில்ல, திரும்ப ஆபரேஷன் பண்ணி நூல மாத்தணும். ஆபரேஷன் தியேட்டருக்குள்ளயே போலீஸ் வந்து நிக்குது, டாக்டர் ஆத்திரப்பட்டு கொலம்போவத் தள்ளிவிடறார், எல்லாரையும் எல்லாத்தையும் சோதிக்கறாங்க, நூல் இல்ல. தோத்துட்டு வெளிய போறார். கதவு திரும்பத் தொறக்குது, கொலம்போ கேக்கறார்: எப்பவும் நிதானம் தவறாத நீங்க இன்னிக்கு ஏன் கோவப்பட்டீங்க டாக்டர்? எல்லாரையும் சோதிச்சோம், என்னைய யாரும் சோதிக்கலையே. அந்த நூல் கொலம்போ போட்டிருந்த ஆபரேஷன் கவுனோட பாக்கெட்லயே இருக்கு!

இத எத்தன தடவ பாத்தாலும் எனக்குக் கை தட்டத்தான் தோணும். இதுல 'யாரு'ங்கற கேள்வி இல்ல, 'ஏன்' கூட ரெண்டாம்பட்சம். பிடிக்கறதுதான் முழுக் கதையும். எங்க கை வெச்சாலும் வழுக்கற ஒருத்தன, அவன் கோவத்தையே பிடிமானமா வெச்சுப் பிடிக்கறது.

அதனால என் பரிந்துரை: பிடிகதை.

விடுகதை, தொடர்கதை மாதிரி இதுவும் வினையடில கதை ஒட்டின சொல், புதுசா எதையும் கத்துக்க வேணாம். பிடிச்ச கதை, பிடிக்கற கதை, பிடிக்கப்போற கதை, மூணு காலமும் வினைத்தொகைக்குள்ள அடங்கும். வினைத்தொகைல வல்லினம் மிகாது, அதனால 'பிடிக்கதை' இல்ல, பிடிகதைதான். (சங்கப் பாட்டுல பிடின்னா பொம்பளை யானை ஆச்சேன்னு ஐயா கேப்பீங்க, பிடியோட கதைன்னா அங்க 'க்' மிகுந்து பிடிக்கதைன்னு வரும், குழப்பம் இல்ல.) பிடிவாரண்ட், பிடிபட்டான், பிடி குடுக்காமப் பேசறான்னு நம்ம பேப்பர்லயும் பேச்சுலயும் அந்தச் சொல் ஏற்கெனவே போலீஸ் பக்கத்துலயேதான் நிக்குது. நீட்டியும் பாத்தேன்: பிடிகதைத் தொடர், பிடிகதை பாணி, பிடிகதை எழுத்தாளர். எங்கயும் இடிக்கல.

அப்ப யார் கொலைகாரன்னு தேடற கதைக்கு? அது தேடுகதை. 1954ல வந்த வீணை எஸ். பாலசந்தரோட 'அந்த நாள்' படம் தேடுகதை. 2015ல வந்த 'பாபநாசம்' பிடிகதை, என்ன நடந்துதுன்னு நமக்குத் தெரியும், பிடிபடக் கூடாதேன்னு தவிக்கறோம், பக்கம் மாறினாலும் கயிறு அதேதான். 2023ல ரியன் ஜான்சன் எடுத்த 'போக்கர் ஃபேஸ்' டிவி தொடர் அச்சு அசலா பிடிகதை. தஸ்தயேவ்ஸ்கியோட 'குற்றமும் தண்டனையும்' நாவல்ல கொலை பண்ற ரஸ்கோல்னிகவ் கதையும் இந்தக் கூட்டுக்குள்ள வரும், அதுல விசாரணை பண்ற போர்ஃபிரிதான் கொலம்போவுக்கு முன்மாதிரின்னு உருவாக்கினவங்களே சொல்லியிருக்காங்க.

> இந்த வடிவமே நமக்கு அந்நியம், அந்நியமான பேரே இருந்துட்டுப் போகட்டுமே

இத நான் ஒத்துக்கவே மாட்டேன் தம்பி. இந்த வகைக்கு இங்கிலீஷ்ல சொல்ற 'ஹௌகேட்செம்'ங்கறது அவங்க வாய்ப்பேச்சு, எப்படிப் புடிப்பாங்கன்னு அவங்க பேசறத சேத்துச் சுருக்கினது, நம்ம வாயில அது வெறும் சத்தம். வடிவம் அந்நியம்ங்கறதுக்கு சிலப்பதிகாரத்து வழக்குரை காதைய ஒரு தடவ படிச்சுப் பாருங்க. சிலம்பத் திருடினது பொற்கொல்லன்னு படிக்கற நமக்கு முன்னாடியே தெரியும். கோவலன் குற்றவாளி இல்லன்னும் தெரியும். அப்புறமும் ஏன் மூச்சப் பிடிச்சுட்டுப் படிக்கறோம்? கண்ணகி எப்படி நிரூபிக்கப் போறான்னுதான். அவ செய்யறது என்ன, எடுத்த உடனே சிலம்ப உடைக்கல. என் சிலம்போட பரல் மாணிக்கம்னு சொல்லி நிறுத்தறா. பாண்டியன் தன் வாயாலயே 'யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே'ங்கறான். இனி அவன் பேச்ச மாத்த முடியாது. அதுக்கப்புறம்தான் உடைக்கறா. எதிராளி தானா ஒரு பக்கம் நின்னு முடிக்கற வரைக்கும் காத்திருந்து அப்புறம் சாட்சியத் தூக்கிப் போடறது, கொலம்போ எழுபதுகள்ல எபிசோடுக்கு எபிசோடு செஞ்சது இதத்தான். முழு சிலப்பதிகாரமும் பிடிகதைன்னு நான் சொல்ல வரல, திருடினவன் வேற, மன்னன் வேற. ஆனா முடிவு தெரிஞ்ச கதைய அது எப்படி நடக்குதுன்னு பாக்கறதுக்காகவே ராத்திரி பூரா கூத்து மேடை முன்னாடி உக்காந்த சனம் நாம.

கூடவே இன்னொண்ணுக்கும் பேர் வெச்சுடலாம். கொலம்போ எல்லாம் பேசி முடிச்சு, கும்பிடு போட்டு, வாசல் வரைக்கும் போய், கொலைகாரன் அப்பாடான்னு மூச்சு விடற நேரத்துல திரும்பி 'ஒண்ணே ஒண்ணு சார்'னு கேப்பாரே. நம்ம வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க செருப்ப மாட்டிக்கிட்டப்புறம்தான் வந்த விஷயத்தையே சொல்லுவாங்க இல்ல, அதே மாதிரிதான், அசந்த நேரத்துல வர்றதாலதான் அந்தக் கேள்விக்கு வலு. அதுக்கு வாசற்கேள்வி. பத்திரிகைக்காரங்க பேட்டி எடுக்கறப்போ மைக்க அணைச்சப்புறம் கேக்கறாங்களே, அதுக்கும் இதே சொல் ஆகும்னு நெனக்கறேன்.

பாக்கி நிக்கறது ஒண்ணு. அந்த பாக்கெட்ல இருந்த நூல், பரல், இந்த மாதிரி ஒரே அடில கேஸ முடிக்கற கடைசி சாட்சி இருக்கே, 1972ல ஒரு எபிசோட்ல ஒட்டுக்கேட்டு ரெக்கார்ட் பண்ண போன் பேச்சுல கடிகார மணிச் சத்தம் கேக்காம இருக்கறதே சாட்சியாயிடும், அதுக்கு என்ன சொல்றது? 'இறுதிச்சான்று' சரியாத்தான் இருக்கு, ஆனா கோர்ட் வாடை அடிக்குது. 'முடிசான்று'ன்னு ஒண்ணு தோணுச்சு, கதைய முடிக்கற சான்று, பிடிகதையோட ஓசையும் ஒத்துப்போகுது, ஆனா முடின்னா தலைமுடி ஞாபகம் வருமோன்னு யோசனை. ஐயா, நீங்க இதுல ஒரு கருத்து சொல்லணும். நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது, பிடிகதைக்கு யாருக்காவது பலமான ஆட்சேபம் இருந்தா அதுக்குள்ள எழுதிடுங்க.

அன்புடன்,
ஆழ்வார்பேட்டைலேர்ந்து