டபுள் நெகட்டிவ்: தமிழில் என்ன பெயர்?

குழுவினருக்கு வணக்கம். தமிழ்வழி மாணவர்களுக்கான ஆங்கில இலக்கணப் பயிற்சி நூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு பாடத்துக்கு மட்டும் தலைப்பு இல்லை. 'ஐ டோன்ட் நோ நத்திங்' என்று எழுதும் பிள்ளையிடம், 'டோன்ட்' இருந்தால் 'எனிதிங்' போடு, 'நத்திங்'தான் வேண்டுமென்றால் 'டோன்ட்'டை எடுத்துவிடு என்று சொல்லித்தரும் பாடம். 'இரட்டை எதிர்மறை' போதுமா?
– ம.

தாராளமாக. பார்த்ததும் புரிகிறது.
– ச.

புரிந்தால் போதுமா தம்பி? 'இரட்டைக் கிளவி இரட்டிற் பிரிந்திசையா' என்பது தொல்காப்பியம். 'சலசல'வில் ஒரு 'சல'வைப் பிரித்தால் பொருளே இல்லை. இங்கோ ஒன்றைப் பிரித்து எறிவதுதான் பாடம்! ஈருயிர், ஈராயிரம் போல ஈரெதிர்மறை என்பதே முறை. சுருக்கம் வேண்டுமானால் 'இருமறை'.
– கோ.

ஐயா, இருமறை என்றால் நான்மறையில், அதாவது நான்கு வேதங்களில், மீதி இரண்டு எங்கே என்று பையன் கேட்பான். ஈரெதிர்மறையை நான் முதலில் ஈர எதிர்மறை என்றுதான் படித்தேன்.
– ச.

அந்த மறை மறைத்தலில் பிறந்தது, இந்த மறை மறுத்தலில் பிறந்தது. ஆனால் மறுப்பவன் ஒன்றை மறைக்கத்தானே செய்கிறான்? இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது என் நெடுநாள் எண்ணம். நிலவின் மறுவையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.
– கோ.

நிலவை அப்புறம் பார்ப்போம். இது பிழையின் பெயரா, அமைப்பின் பெயரா? 'நீரின்றி அமையாது உலகு': இன்றி ஒன்று, அமையாது ஒன்று. இரண்டும் சேர்ந்து நீர் வேண்டும் என்று அழுத்திச் சொல்கின்றன. இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாட்டுப் பொருள் தரும் என்பது நம் உரைமரபு. ஆங்கிலத்தின் 'நாட் அன்காமன்' இந்த வகை. அதைத் திருத்தினால் நயம்தான் போகும்.

'டோன்ட் நோ நத்திங்' வேறு. அங்கே இரண்டாவது எதிர்மறை முதலாவதை அழிக்க வரவில்லை, அழுத்த வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இப்படி எதிர்மறைகளை அடுக்கியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டில் பிஷப் லௌத் போன்ற இலக்கணக்காரர்கள் 'இரண்டு எதிர்மறை ஒன்றையொன்று அழிக்கும்' என்று எழுதிய பிறகு அது பள்ளிக்கூடப் பிழையாக நிலைத்தது. ஸ்பானியத்தில் 'நோ சே நாதா' (எனக்கு ஒன்றும் தெரியாது; 'நோ', 'நாதா' இரண்டுமே எதிர்மறை) இன்றும் சரியான வாக்கியம்.

ஆகவே குறளில் இருப்பது இரட்டை எதிர்மறை, மாணவர் ஏட்டில் இருப்பது மிகை எதிர்மறை. 'கான்ட் ஹார்ட்லி' போன்றவையும் இதில் அடங்கும். 'ஹார்ட்லி'யின் முகத்தில் எதிர்மறை தெரியாது, 'அநேகமாக இல்லை' என்ற பொருளாக உள்ளே இருக்கும். மாணவர்கள் அதிகம் ஏமாறுவது அங்கேதான்.
– இ.

என் மாணவர்கள் 'ஒன்றும் தெரியாது' என்பதில்தான் வழுக்குகிறார்கள். 'ஒன்றும்' என்பதை 'நத்திங்' ஆக்கிவிட்டு, 'தெரியாது'க்குத் தனியாக 'டோன்ட் நோ' போடுகிறார்கள். நம் உம்மையில் மறுப்பே இல்லை. 'எதுவும் சாப்பிடுவான்', 'எதுவும் சாப்பிடமாட்டான்' இரண்டிலும் அதே 'எதுவும்'. மறுப்பு முழுக்க வினைமுற்றில் இருக்கிறது. 'எனிதிங்' கிட்டத்தட்ட அந்த வேலையைச் செய்கிறது என்று பாடத்தில் சேர்த்துவிட்டேன். இ. சொன்ன 'மிகை' பிடித்திருக்கிறது.
– ம.

பிடிக்கும், ஆனால் அகராதியில் 'டபுள்' என்று தேடுகிறவன் 'மிகை'யிடம் எப்படி வந்து சேர்வான்?
– ச.

சரி, நேரமில்லை. தலைப்பு 'இரட்டை எதிர்மறை'. உள்ளே பிழையைக் குறிக்கும் இடங்களில் மட்டும் 'மிகை எதிர்மறை'. நால்வரில் மூவருக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன். கோ. ஐயா மன்னிக்க வேண்டும்.
– ம.

மன்னிக்க ஒன்றுமில்லை அம்மா, உடன்பாடும் இல்லை. சொல்லடைவிலாவது 'ஈரெதிர்மறை' ஒரு வரி இருக்கட்டும். நிலவின் மறுவுக்கு இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.
– கோ.