ராக்கெட் எவ்வளவு உயரம் போகிறது? அளக்க உதவி வேண்டும்

வணக்கம். சென்னை கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பிள்ளைகளோடு சேர்ந்து தண்ணீர் ராக்கெட் செய்து விடுகிறோம். ஒன்றேகால் லிட்டர் சோடா பாட்டில், அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்ப், அவ்வளவுதான். அருமையாக ஏறுகிறது. உயரம்தான் பிடிபடவில்லை.

50 மீட்டர் தள்ளி கிழக்கே நின்று, பாகைமானியில் நூலும் கல்லும் கட்டிக் கோணம் பார்க்கிறோம். 45 டிகிரி காட்டுகிறது. அப்படியானால் உயரம் 50 மீட்டர். ஆனால் கிளம்பி விழும்வரை 5 விநாடிதான். காற்றுத் தடையே இல்லை என்று வைத்துக் கணக்குப் போட்டாலும் சுமார் 30 மீட்டருக்கு மேல் வராது. கிழக்கிலிருந்து வீசும் சாயங்காலக் கடல்காற்றை எதிர்த்து ராக்கெட் மூக்கைக் கிழக்கே திருப்பி எங்கள் பக்கமாக வருகிறது, அதனால்தான் கோணம் கூடுகிறது என்று நினைக்கிறேன்.

வால் இறக்கைகளைச் சிறிதாக்கினால் இந்தத் திரும்பல் குறையுமா, இல்லை நடுவானில் புரண்டுவிடுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்புறம், வடக்கே ஒருவர், மேற்கே ஒருவர் நின்று ஒரே நேரத்தில் கோணம் எடுக்க ஞாயிறு காலையில் இரண்டு பேர் வர முடியுமா? தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மின்கம்பி இல்லாத மைதானம் தெரிந்தாலும் சொல்லுங்கள். பிள்ளைகள் ரொம்ப ஆவலாக இருக்கிறார்கள்.