மறு: 'பொருந்தா டயர்' என்ற சொல் போதுமா?

நண்பர்களே, வணக்கம்.

நான்கு சக்கர இயக்க வண்டியில் (எஞ்சின் நான்கு சக்கரங்களையும் சுழற்றும் வண்டியில்) முன் டயரும் பின் டயரும் ஒத்துப்போகாத நிலைக்கு ஒரு தமிழ்ச்சொல் தேடுகிறோம். அதற்கு வந்த 'பொருந்தா டயர்' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. படிப்பவர் ரிம்மில் ஏறாத டயரைத்தான் நினைப்பார். நாம் பேசும் டயரோ கச்சிதமாக உட்காருகிறது, வண்டியும் ஓடுகிறது. கேடு உள்ளே, முன்னச்சையும் பின்னச்சையும் இணைக்கும் பகுதியில் நடக்கிறது. 'முன்பின் அளவு முரண்' என்ற சொல் இதைவிட மேல். ஆனால் அதுவும் டயரின் பக்கவாட்டில் பொறித்த எண்ணோடு நின்றுவிடுகிறது.

முன்னால் 275/40 ஆர்20, பின்னால் 315/35 ஆர்20 (முதல் எண் மி.மீ.யில் அகலம்). நான்கு சக்கர இயக்கமுள்ள பிஎம்டபிள்யூ எக்ஸ்5 சிலவற்றில் தொழிற்சாலையே மாட்டி அனுப்பிய ஜோடி இது. அகலத்தில் 40 மி.மீ. வேறுபாடு, விட்டமோ 728, 728.5 மி.மீ. ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்போது நான்கிலும் ஒரே எண் உள்ள வண்டியைப் பாருங்கள். பின்னால் 8 மி.மீ. பட்டனோடு (தரையைத் தொடும் பரப்பின் பள்ள ஆழம்) புது டயர், முன்னால் 3 மி.மீ.க்குத் தேய்ந்தது. புது டயரின் விட்டம் அதே 728 என்றால், தேய்ந்ததன் சுற்றளவு 31 மி.மீ. குறைகிறது, தேய்ந்த சக்கரம் கிலோமீட்டருக்கு ஆறு சுற்று கூடுதலாகச் சுற்றியாக வேண்டும். சுபாரு நிறுவனம் அனுமதிக்கும் சுற்றளவு வேறுபாடு கால் அங்குலம், சுமார் 6 மி.மீ.தான்!

திருப்பத்தில் வரும் சுழற்சி வேறுபாடு திருப்பத்தோடு முடிந்துவிடும். டயர்களின் சுற்றளவு மாறுவதால் வரும் வேறுபாடோ நேர்ச்சாலையிலும் ஓயாது. முன்னச்சையும் பின்னச்சையும் இணைப்பது சிலிக்கோன் திரவ இணைப்பி என்றால் திரவம் சூடேறிக்கொண்டே இருக்கும்; கிளட்ச் தட்டுகள் என்றால் அவை உரசித் தேயும்.

ஆகவே சொல் 'அளவு' என்பதிலிருந்து அல்ல, 'உருள்' என்பதிலிருந்து பிறக்க வேண்டும். சக்கரம் ஒரு முறை உருண்டு கடக்கும் தூரத்துக்கு 'உருள்சுற்றளவு'. முன்னுக்கும் பின்னுக்கும் அதில் வரும் பேதத்துக்கு 'உருள்வேறுபாடு'. 'உருட்சுற்றளவு' என்று புணர வேண்டாமா என்று கேட்டிருந்தீர்கள். தேவையில்லை. இது வினைத்தொகை, குறளின் 'உருள்பெருந்தேர்' இயல்பாகவே நிற்கிறது.

தொழிற்சாலை திட்டமிட்டுப் பொருத்தும் ஜோடிக்குத் தனிச்சொல் வேண்டும்: 'ஈரளவு டயர்'. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால், பழுதில்லாத வண்டிக்காரர் வீணாகப் பயப்படுவார். நான்கிலும் ஒரே எண்ணைப் பார்த்தவர் வீணாக நிம்மதி அடைவார்.

'பொருந்தா டயர்' ஏற்கெனவே சொற்பட்டியலில் ஏறியிருந்தால் நீக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.