கூர்மை இருக்கிறது, உணர்வு இல்லை: நிலக்காட்சிப் படத்தில் எதை மாற்றுவது?

கேள்வி:
விடிகாலை ஏரி, கரையில் ஒற்றை மரம், பின்னால் மலை. 16 மி.மீ. அகலக் கோண லென்ஸ், எஃப்/11 (லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியுணர்வு), ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயலைக் கேமராவே சரிசெய்வது), ட்ரைபாட். ஓரம்வரை கூர்மை. ஆனால் அந்த இடத்தின் தனிமை துளியும் வரவில்லை; வெறும் காலண்டர் படம். எடிட்டிங்கில் ஷேடோவை (இருண்ட பகுதியை) வெளிச்சமாக்கினால் இன்னும் மோசமாகிறது. எங்கே தவறு?

பதில் 1:
ஆட்டோ ஒயிட் பேலன்ஸில். விடியலுக்கு முந்தைய நீலத்தை அது பிழை என்று எடுத்துக்கொண்டு கழுவிவிடும். தனிமையைச் சுமப்பதே அந்த நீலம்தான். ஒயிட் பேலன்ஸைப் பகல் வெளிச்சத்துக்கான 5,200 கெல்வினில் பூட்டுங்கள். ரா கோப்பு (கேமரா பதிந்த மூலத் தரவு) இருந்தால் இதே படத்தில் இப்போதே மாற்றிப் பார்க்கலாம். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 4 முதல் 6 டிகிரியில் இருக்கும்போது நீலம் திரளும். உதயத்துக்கு 40 நிமிடம் முன்பே ட்ரைபாட் நின்றாக வேண்டும்.

ஷேடோவைத் தொடவே வேண்டாம். மரத்தடி இருட்டில் எல்லாம் தெரிந்துவிட்டால் பார்ப்பவர் மனத்துக்கு வேலையே இல்லை. மூடுபனி இருந்தால் மட்டும் எக்ஸ்போஷரை +2/3 முதல் +1 ஸ்டாப் கூட்டுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு); கூட்டாவிட்டால் கேமராவின் ஒளி மீட்டர் வெண்மையைச் சாம்பலாக்கிவிடும்.

பதில் 2:
16 மி.மீ.யில் மலை சுருங்கி, முன்னால் கிடக்கும் கல் பெரிதாகும். மரத்தின் தனிமைதான் விஷயம் என்றால் பின்னால் நகர்ந்து 100–135 மி.மீ.யில் எடுங்கள். மரம் சிறிதாக ஓரத்தில் நிற்கட்டும், மலை அதன்மேல் கவியட்டும், மீதியை வெறுமையாக விடுங்கள். மரக்கிளை மலைக்கோட்டை வெட்டுகிறதா என்று மட்டும் பாருங்கள். ட்ரைபாடை ஒரு சாண் தாழ்த்தினாலோ உயர்த்தினாலோ பெரும்பாலும் பிரிந்துவிடும்.

பதில் 3:
இவற்றுக்கெல்லாம் முன்னால் உரிப்பொருளை, அதாவது படம் சொல்ல வேண்டிய உணர்வை, முடிவு செய்யுங்கள். நெய்தல் (கடற்கரை நிலம்) என்றதும் எற்பாடும் (பொழுது சாயும் நேரம்) இரங்கலும் (பிரிவில் வருந்துதல்) சேர்ந்தே வருகிற சங்க மரபு நம்முடையது. நிலம், பொழுது, உணர்வு மூன்றையும் அது தனித்தனியே பார்த்ததில்லை. 1927-இல் கலிபோர்னியாவின் ஹாஃப் டோம் பாறையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ், மஞ்சள் பில்டரில் வானம் தன் மனத்தில் பட்டபடி வராது என்று கண்டு, கடைசித் தகட்டில் அடர்சிவப்பு பில்டரைப் போட்டார். வானம் கிட்டத்தட்டக் கறுத்தது. உணர்வு முதலில், பில்டர் பிறகு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. தண்ணீருக்கு ஷட்டர் எத்தனை நொடி திறந்திருக்க வேண்டும்?

பதில் 2:
அலையின் பதற்றம் வேண்டுமென்றால் 1/4 நொடி, அமைதிக்கு 30. நீல வேளையில் பில்டர் இல்லாமலே பல நொடி கிடைக்கும். வெளிச்சம் ஏறி 1/30 நொடி வந்துவிட்டால், 6 ஸ்டாப் என்டி பில்டர் (ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடி) 2 நொடி தரும். 10 ஸ்டாப் 34 நொடி, அதற்கு பல்ப் மோடும் (வேண்டிய நேரம்வரை ஷட்டரைத் திறந்து வைப்பது) ரிமோட்டும் வேண்டும். காற்றில் இலை கலங்கினால், பில்டரைக் கழற்றி ஐஎஸ்ஓவை உயர்த்தி, மரத்துக்கு மட்டும் 1/125-இல் இன்னொரு படம் எடுத்து, எடிட்டிங்கில் மரத்தை மட்டும் மாஸ்க் செய்து (பிரித்தெடுத்து) முதல் படத்தோடு சேருங்கள். டிஎஸ்எல்ஆர் என்றால் வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துளையை) மூடிவிடுங்கள், அதன் வழியே ஒளி கசிந்து படத்தில் தீற்றலாக விழும்.