ரோகு மீன் எடைக் கணக்கு 18 சதவீதம் கூடுதலாக வருகிறது, உதவுங்கள்

வணக்கம். ரங்கூன் பக்கம் துவாண்டேயில் குளத்தில் ரோகு வளர்க்கிறோம். நாடாவால் அளந்து எடையைக் கணிப்பது இப்படி: நீளம் × சுற்றளவு × சுற்றளவு, அதை 29-ஆல் வகுத்தால் கிராம். எல்லாம் செ.மீ-இல்தான். நீளம் மூக்கு நுனியிலிருந்து வால் கவை வரை, சுற்றளவு முதுகுத் துடுப்புக்குச் சற்று முன்னால்.

30 செ.மீ நீளம், 19 செ.மீ சுற்றளவு இருந்தபோது கணக்கு 373 கிராம், தராசு 370. கச்சிதம். இப்போது, ஆகஸ்டில், 45-க்கு 30 உள்ள மீனுக்குக் கணக்கு 1397, தராசு 1180! இருபது மீன் பார்த்தாயிற்று, எல்லாமே இதே போக்கு.

தீவனம் உடல் எடையில் 2 சதவீதம் போடுகிறோம். 2000 மீனுக்குத் தினம் எட்டு கிலோவுக்கு மேல் வீணாகித் தண்ணீரையும் கெடுக்கிறது. வியாபாரியிடம் வீசைக்கணக்கு (இங்கே எடைக்கு வீசை அளவுதான்) சொன்னாலும் பொய்யாகிவிடும்.

தராசை 1 கிலோ படிக்கல் வைத்துச் சரிபார்த்தோம். துணி நாடா நனைந்தால் இழுபடும் என்று பிளாஸ்டிக் நாடாவுக்கு மாறினோம். சுற்றளவில் 1 செ.மீ பிசகினாலே 90 கிராம் மாறும் என்பதால் ஒவ்வொரு மீனையும் மூன்று தடவை அளந்தோம். ஒரு நாள் தீவனத்தை நிறுத்தியும் அளந்தாயிற்று. மழைக்காலம், சினை மீனின் வயிறு ஏமாற்றுமோ என்று பெண் மீன்களை ஒதுக்கினோம், ஆண் மீனிலும் அதே வித்தியாசம்.

தராசுப்படி பார்த்தால் வகுக்கும் எண் 34 ஆக வேண்டும். ஆனால் 34 வைத்தால் சின்ன மீனுக்குக் குறைவாகக் காட்டுகிறது.

1 கிலோவுக்கு மேற்பட்ட ரோகுவுக்கு நீங்கள் எந்த எண்ணால் வகுக்கிறீர்கள்?